பூட்டும் நாளைப் பற்றி நம்மிடம் யார் கேட்டார்கள்?



2021 ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை 4 மணிக்கு ஊரடங்கு நீங்கியது. ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு 10 மணிக்குப் பத்து நாளைக்கென்று போட்ட பூட்டு, கிழமைக்குக் கிழமை நீட்டப்பட்டு, ஆறு கிழமைக்குப் பிறகுதான் திறந்தது. டவுனில் கடைகள் திறந்துவிட்டன. பஸ்களும் ஓடத் தொடங்கிவிட்டன. மாகாணத்துக்கு மாகாணம் போகும் தடை மட்டும் அப்போது நீக்கப்படவில்லை.

அப்போது எல்லா இடத்திலும் ஒரே வாதமாகத்தான் இருந்தது. நாட்டை மூடியது சரியா, பிழையா? மூடியது சரியென்றால், ஏன் முன்பே மூடவில்லை? திறந்தது சரியென்றால், இவ்வளவு நாள் ஏன் இழுத்தார்கள்? தொலைக்காட்சியில் வைத்தியர்கள் பேசினார்கள், அமைச்சர்கள் பேசினார்கள், ஏற்றுமதிக் கம்பனிக்காரர்கள் பேசினார்கள், ஹோட்டல் முதலாளிமார் பேசினார்கள். மலையில் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் போய், “அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று யாரும் கேட்டதை நாம் பார்க்கவில்லை.

யாரும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியதை நாம் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கிழமைகளில் நமது தோட்டக் கமிட்டிகளில், கொழுந்து மடுவத்தில், பீலிக்கரையில் பேசப்பட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது நமக்கு ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. மூடுவதா, திறப்பதா என்று கேட்டால் நம்மவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ஆனால் மூடினால் அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

முதலில் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் முதல் ஊரடங்கு வந்தது. அப்போது நாட்டில் நோயாளர் தொகை 100ஐக்கூடத் தொடவில்லை. அந்த ஊரடங்கு கடுமையாக இருந்தது, கிழமைக்கணக்கில் நீடித்தது. ஆனால் அந்த வருடம் ஒக்டோபர் தொடக்கம் வரையில் நாட்டில் கொவிட்டால் இறந்தவர்கள் 13 பேர்தான். நேரத்தோடு மூடினால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நமது நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது.

அடுத்த வருடம் கதை மாறியது. 2021 ஏப்ரல் புத்தாண்டுக்குத் தடை எதுவும் இல்லை. கடைத்தெருக்கள் நிறைந்தன. வசந்த காலம் என்று நுவரெலியாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாகனங்கள் ஏறிவந்தன. ஏப்ரல் முடியும்போது மொத்த மரணம் 700ஐ எட்டவில்லை. மே மாதம் மாகாணங்களுக்கு இடையே தடை, பிறகு நாடு முழுவதும் பயணத் தடை. ஜூன் 21ஆம் திகதி தளர்த்தினார்கள். அதே நாட்களில் டெல்டா வகைக் கிருமி கொழும்பில் பரவத் தொடங்கியிருந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் அரச ஊழியர் எல்லோரையும் வேலைக்கு அழைத்தார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். வைத்தியர் சங்கங்கள் மூடச் சொல்லிக் கெஞ்சின. மகாநாயக்க தேரர்கள் சொன்னார்கள். அரசாங்கத்தோடு இருந்த கட்சிகளே கடிதம் எழுதின. அதற்குக் கிடைத்த முதல் பதில், இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை ஊரடங்கு. அந்த நேரத்தில் தோட்டத்தில் நாயைத் தவிர வேறு யார் வெளியே நடமாடுகிறார்கள்?

கடைசியில் பல ஊர்களில் வியாபாரிகள் தாங்களாகவே கடைகளைப் பூட்டினார்கள். தொழிற்சங்கங்கள், அரசாங்கம் மூடாவிட்டால் நாங்கள் வேலையை நிறுத்துவோம் என்று அறிவித்தன. அதன் பிறகுதான் 20ஆம் திகதி அறிவிப்பு வந்தது. அன்றைக்கு மொத்த மரணம் 7,000 அளவில் இருந்தது. ஊரடங்கு நீங்கும்போது அது 12,000ஐத் தாண்டியிருந்தது.

நோயாளர் நூறு பேர்கூட இல்லாதபோது மூடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நாளுக்கு நூற்றைம்பது சடலங்கள் விழுந்தபோது ஏன் மூடத் தெரியவில்லை? அப்போது சொல்லப்பட்ட முதல் காரணம், நாட்டை மூடினால் நாளாந்தக் கூலிக்காரர் பட்டினி கிடப்பார்கள் என்பது. தோழர்களே, அந்த நாளாந்தக் கூலிக்காரர் யார்? நாம்தான். நமது பசியைக் காரணம் காட்டித்தான் நாட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் நமது பசிக்கு என்ன செய்யலாம் என்று அந்த மேசையில் யாரும் பேசவில்லை.

இதை நாம் கோபத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா நிவாரணம் கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் வேலை நடக்கிறது, உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது என்று சொல்லி நம்மில் எத்தனை குடும்பங்களைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். லயத்தில் ஒருவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தால் போதும், அந்தக் குடும்பம் உழைக்கும் குடும்பமாகிவிட்டது. அந்த மாதம் அவருக்கு எத்தனை பெயர் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கொழும்பில் கடையில் நின்ற மகன் வேலையில்லாமல் வீடு திரும்பிவிட்டான், அவன் அனுப்பிய பணமும் நின்றுவிட்டது என்பதையும் பார்க்கவில்லை. 2021 ஓகஸ்டில் அந்த உதவி 2,000 ரூபாவாகச் சுருங்கியது. அது அப்போது இரண்டு நாள் சம்பளம். ஊரடங்கோ ஆறு கிழமை.

இனி இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நாடு மூடப்பட்டபோதெல்லாம் நாம் மூடப்பட்டோமா?

இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சில நாட்களிலேயே விவசாயத்துக்கும் பெருந்தோட்டத்துக்கும் விலக்குக் கொடுக்கப்பட்டது. 2021இலும் அப்படித்தான். டவுனில் பொலிஸ் வீதித்தடை, மலையில் நாம். அந்த 2020ஆம் வருடம் முழுவதும் இந்த நாடு 26 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை ஏற்றுமதி செய்தது. 120 கோடி டொலருக்கு மேல் வருமானம் வந்தது. சுற்றுலாப் பயணிகள் குறைந்த, வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் திரும்பி வந்த அந்த வருடத்தில் டொலர் கொண்டுவந்தவற்றில் நமது கொழுந்தும் ஒன்று.

அதே நாட்களில் கொழும்பில் என்ன நடந்தது தெரியுமா? 1883ஆம் ஆண்டிலிருந்து நேரில் கூடி நடந்துவந்த தேயிலை ஏலம், 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே கணினிக்கு மாறியது. வாங்குபவரும் விற்பவரும் ஒரு அறையில் கூடினால் ஆபத்து என்று இரண்டு கிழமைக்குள் வழி கண்டுபிடித்தார்கள். நல்ல வேலை. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாற்பது ஐம்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதற்கு வழி கண்டுபிடிக்க எத்தனை மாதம் எடுத்தது? பல தோட்டங்களில் 2021 ஒக்டோபர் வரையிலும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தராசுக்கு இரண்டு தராசு வைத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை அது. கைகழுவத் தண்ணீர் வைக்கச் சொல்லி நமது தோட்டத் தலைவர்கள் கேட்டபோது, பீப்பாய் வந்தது, குழாய் வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்ற கதையும் உண்டு.

ஆகவே, “லொக்டவுன் வேண்டுமா?” என்று நம்மிடம் கேட்டால், எந்த லொக்டவுன் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நமக்கு வேலை மூடப்படவில்லை. கடை மூடப்பட்டது, பஸ் நின்றது, பாடசாலை பூட்டப்பட்டது, கிளினிக் போகும் வழி அடைபட்டது. சாமான் லொறி டவுனோடு நின்றுவிட்டது, தோட்டத்துப் பாதையில் ஏறிவரவில்லை. வந்தவர்கள் விலையை ஏற்றி விற்றார்கள். மாவும் சீனியும் கேட்ட விலைக்கு வாங்கினோம். பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளை, மூன்று வகுப்பு. அந்தப் போனில் டேட்டா போட அம்மாவின் கைக்காசு போனது. பூட்டின் கஷ்டம் எல்லாம் நமக்கு வந்தது. வீட்டில் இருக்கும் பாதுகாப்பு மட்டும் வரவில்லை.

வீட்டில் இருப்பது என்று சொல்லும்போது, எந்த வீடு என்பதையும் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஆறு பேர், ஏழு பேர். வரிசைக்கெல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு மலசலகூடம். 2021ஆம் வருடம் அறிகுறி குறைந்த நோயாளர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறை வந்தது. அப்போது 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வைத்தியர் பேசினார். நோயாளியைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிவறை கொடுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். அறிவுரை சரியானதுதான். ஆனால் லயத்தில் அதைச் செய்ய முடியாது. ஒருவருக்கு வந்தால் காம்பிராவுக்கு வந்தது, காம்பிராவுக்கு வந்தால் லயத்துக்கு வந்தது.

இனி இந்தக் கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறோம்.

நமது கிளை இருக்கும் ஒரு தோட்டத்தில் 2021 ஜூலை மாதம் நடந்தது இது. ஒரு பெண்ணுக்கு இரவெல்லாம் காய்ச்சல். காலையில் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அப்படியே போனார். மூன்றாம் நாள் நிறுவையில் மயங்கி விழுந்தார். பரிசோதித்தபோது கொவிட். பிறகு அவருடைய கூட்டத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் என்று ஒன்றரை லயம் தனிமைப்படுத்தப்பட்டது. எல்லோரும் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். மாதர் தலைவி அவரிடம் போனில் பேசினார். ஏன் தங்கச்சி சொல்லவில்லை என்று கேட்டார். “சொன்னா பதினாலு நாளும் பேர் இல்லாம போகுமே அக்கா, சீட்டுக்காசு, கடைக்கடன் எல்லாம் எப்படிக் கட்டுறது?” என்று அழுதாராம்.

அவர் சொன்னதைப் பிழை என்று சொல்ல நம்மில் யாருக்கு மனம் வரும்? 2021 மார்ச் 5ஆம் திகதி சம்பளச் சபை மூலமாக ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. எத்தனை வருடப் போராட்டம் அது. ஆனால் அதற்குப் பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். குறைத்த நாளிலும் பதினாலு நாள் போய்விட்டால் மாதத்தில் என்ன மிஞ்சும்? தனிமைப்படுத்தலில் இருந்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் பதில் வேறு. ஓரிடத்தில் சாமான் பொதி கொடுத்தார்கள். ஓரிடத்தில் முற்பணம் என்று கொடுத்து அடுத்த மாதச் சம்பளத்தில் வெட்டினார்கள். வேறிடத்தில் ஒன்றும் இல்லை.

நோய் எப்போது பரவத் தொடங்கியது என்பதை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியவர், முதல் காய்ச்சல் வந்த தொழிலாளிதான். அவர் முதல் நாளே வாய் திறந்தால், ஒரு காம்பிராவோடு நிற்கும். மூன்றாம் நாள் விழுந்தால் ஒரு டிவிசன் மூடப்படும். பத்தாம் நாள் தெரியவந்தால் ஊர் மூடப்படும். நேரத்தோடு மூடுவது என்பது ஜனாதிபதி மாளிகையில் மட்டும் நடக்கும் காரியம் இல்லை, ஒவ்வொரு லயத்திலும் காலை ஆறு மணிக்கு நடக்கும் காரியம். இன்று நான் வேலைக்குப் போவதா, வீட்டில் நிற்பதா என்று ஒரு தாய் முடிவெடுக்கும் நேரம் அது. வீட்டில் நின்றால் பெயர் விழும் என்று அவருக்கு உறுதி இருந்தால் நிற்பார். இல்லாவிட்டால் பனடோல் போட்டுக்கொண்டு போவார். எத்தனை சுற்றறிக்கை ஒட்டினாலும் இது மாறாது.

சிலர் கேட்கிறார்கள்: அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்தால் சனம் ஓடிவிடுமே, அதனால்தானே திடீரென்று மூட வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 2020 ஒக்டோபர் கடைசியில் மேல் மாகாணத்துக்கு ஊரடங்கு வருகிறது என்று அறிவித்ததும், வசதியுள்ள பலர் வாகனமெடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் வந்து தங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்தது பணம் மட்டுமா என்று நாம் பயந்தோம். அதற்கு மாறாக, 2020 மார்ச் 24ஆம் திகதி இந்தியாவில் இரவு 8 மணிக்குச் சொல்லி 12 மணிக்கு மூடினார்கள். நான்கு மணி நேரம்தான். கூலி வேலைக்கு வந்த சனம் நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாக ஊருக்கு நடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அறிவித்தாலும் ஆபத்து, அறிவிக்காவிட்டாலும் ஆபத்து என்றால் வழி என்ன?

மூடும் மணித்தியாலத்தை இரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். மூடும் விதியை எல்லோருக்கும் தெரிய வைக்கட்டும். நோயாளர் தொகை இத்தனையைத் தாண்டினால் மூடுவோம், மூடினால் இன்னின்னாருக்கு இத்தனை நாளைக்குள் இவ்வளவு பணம் கையில் வரும், இத்தனைக்குக் குறைந்தால் திறப்போம் என்று எழுதி வைத்தால், வதந்தியைக் கேட்டு யாரும் ஓட வேண்டியதில்லை. 2021 ஓகஸ்டில் நாம் மூடுவதா என்று வாதாடிக்கொண்டிருந்த அதே கிழமையில், நியூசிலாந்தில் ஒரே ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டவுடன் நாட்டை மூடினார்கள். அவர்கள் பணக்கார நாடு, நம்மோடு ஒப்பிட முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மூடினால் தொழிலாளியின் சம்பளத்துக்கு அரசாங்கம் கைகொடுக்கும் என்ற ஏற்பாடு அங்கே முன்பே இருந்தது. அந்த அளவு பணம் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒழுங்கு இல்லாததற்குப் பணத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நம்முடைய பிழையையும் நாம் மறைக்கக் கூடாது. ஊரடங்கு நாட்களில் பூப்பு நீராட்டு விழாவை இரகசியமாக நடத்திய வீடுகள் உண்டு. மரண வீட்டுக்குப் போகாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கூட்டமாகப் போனோம். கொழும்பிலிருந்து வந்த பிள்ளையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியாமல் காம்பிராவுக்குள் ஒளித்து வைத்தோம். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தியைப் போனில் அனுப்பியவர்களும் நம்மவர்கள்தான். பிறகு உண்மை தெரிந்து வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம் என்பது நல்ல விடயம். இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. நோய் வந்து குணமாகித் திரும்பியவர்களைப் பீலிக்குத் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்த லயங்கள் இருந்தன. தொற்று வந்தவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்தவர் காய்ச்சலை மறைக்கத்தான் செய்வார். சம்பளம் போகும் என்ற பயத்துக்கு அரசாங்கமும் கம்பனியும் பொறுப்பு. மானம் போகும் என்ற பயத்துக்கு நாம்தான் பொறுப்பு. அதை நாம்தான் நீக்க வேண்டும்.

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதும் இல்லை. கொவிட் காலத்தில் ஊரடங்கு போட்ட தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. நமது பாட்டன் பூட்டன்மாரில் எத்தனையோ பேரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் இங்கே ஏற்றி அனுப்பினார்கள். அன்றைக்கு அவர்களைப் பார்த்த கண், நோயைக் காவிவரும் கூட்டமாகப் பார்த்தது. கொள்ளைநோய் துறைமார் பங்களாவுக்கும் தேயிலை வியாபாரத்துக்கும் போய்விடக் கூடாது என்பதே கவலை. நூறு வருடத்துக்குப் பிறகும் அதே கண்ணால் நம்மைப் பார்க்க இடம் கொடுக்க முடியாது. நாம் இந்த நாட்டின் பிரஜைகள், வாக்காளர்கள், டொலர் உழைத்துக் கொடுப்பவர்கள்.

ஆகவே அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் நாம் கேட்பவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தனிமைப்படுத்தச் சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் தொழிலாளிக்கு முழுப் பெயர் போட வேண்டும். அது முற்பணமாக இருக்கக் கூடாது, பிறகு வெட்டப்படக் கூடாது. சேமலாப நிதியும் அந்த நாட்களுக்குச் சேர வேண்டும்.

இரண்டாவது, நிவாரணப் பட்டியலில் தோட்டத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக எந்தக் குடும்பத்தையும் வெட்டக் கூடாது. அந்த மாதம் விழுந்த வேலை நாளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தோட்டத்தில் குடியிருந்து வெளியே வேலை செய்பவர்களையும், ஓய்வுபெற்ற முதியவர்களையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, லயத்தில் தனிமைப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு இடத்தை இப்போதே ஒதுக்க வேண்டும். கலாசார மண்டபம் இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் உத்தியோகத்தர் வீடுகள் இருக்கின்றன, சில இடங்களில் ஆள் இல்லாத பங்களாக்களும் இருக்கின்றன. அடுத்த அலை வந்த பிறகு சாவி தேடக் கூடாது.

நான்காவது, நிறுவை நேரத்தைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, தராசைக் கூட்ட வேண்டும். பிள்ளை மடுவத்துக்கும் மலைக்கும் தண்ணீரும் சவர்க்காரமும் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, மாவட்டத்திலும் பிரதேச செயலகத்திலும் கொவிட் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதில் பெண்களும் இருக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர் பெண், தண்ணீர் எடுப்பவர் பெண், நோயாளியைப் பார்ப்பவரும் பெண். அவர் இல்லாத கூட்டத்தில் எடுக்கும் முடிவு லயத்துக்குள் செல்லுபடியாகாது.

இவை எதுவும் பெரிய கேள்வி இல்லை. இவற்றைக் கொடுத்திருந்தால் ஓகஸ்டில் நாட்டை மூடும்படி கேட்டவர்களில் முதல் வரிசையில் நாம் நின்றிருப்போம். நாளாந்தக் கூலிக்காரரின் பசியைக் காட்டி யாரும் இழுத்தடித்திருக்க முடியாது. ஏனென்றால் அந்தப் பசிக்குப் பதில் கையில் இருந்திருக்கும்.

2021இல் நவம்பர் 4ஆம் திகதி தீபாவளி வந்தது. அதற்கு முந்திய 2020ஆம் வருடம் நடந்ததை மறந்துவிடாதீர்கள். நவம்பர் 9ஆம் திகதி மேல் மாகாண ஊரடங்கு நீங்கியது. நமது பிள்ளைகள் உடுப்புப் பையோடு பஸ் ஏறினார்கள். 11ஆம் திகதி நள்ளிரவு முதல் யாரும் மேல் மாகாணத்தை விட்டுப் போகக் கூடாது என்று தடை வந்தது. வந்தவர்கள் வந்துவிட்டார்கள், வர முடியாதவர்கள் கடையிலும் வீட்டு வேலையிலும் அழுதுகொண்டு இருந்தார்கள். தடையால் நோயும் நிற்கவில்லை, பண்டிகையும் நடக்கவில்லை. 2021இலும் மாகாணத் தடை நீங்குமா, எப்போது நீங்கும் என்று தெரியாமல் பிள்ளைகள் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி நாளில் சொல்லாமல் முன்பே சொல்லுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டோம். வரலாம் என்றால் எப்படி வருவது, எங்கே பரிசோதிப்பது என்று சொல்லச் சொன்னோம். வரக் கூடாது என்றால் அதையும் அன்றே சொல்லச் சொன்னோம்.

நமது பக்கத்தில் செய்ய வேண்டியதை நாம் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கூட்டம் கூடுங்கள். பத்துப் பேர் போதும், வெளியில் இடைவெளி விட்டு உட்காருங்கள். உங்கள் தோட்டத்தில் ஒதுக்கக்கூடிய கட்டிடம் எது என்று பாருங்கள். தனிமைப்படுத்தலில் இருந்தவர்களின் பெயர், எத்தனை நாள், என்ன கிடைத்தது, என்ன வெட்டப்பட்டது என்று எழுதி, சம்பளச் சீட்டின் பிரதியோடு சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் தொழில் திணைக்களத்தில் நாம் பேச முடியும். இன்னும் இரண்டாவது ஊசி போடாதவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல் வந்த வீட்டுக்கு வாசலில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஜூலையில் மயங்கி விழுந்த அந்தப் பெண் குணமாகி மலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறதாம், மேட்டு மலையில் பின்தங்கிவிடுகிறாராம். அவருடைய பதினாலு நாள் பெயரை வாங்கிக் கொடுக்கும் வேலையை நமது கிளை இன்னும் கைவிடவில்லை. அதை வாங்கிவிட்டால், அந்தத் தோட்டத்தில் அடுத்த முறை காய்ச்சல் வருபவர் முதல் நாளே வாய் திறப்பார். பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டுவது அங்கேயிருந்துதான் தொடங்கும்.